யாரும் பார்க்காத இடத்தில்

நண்பர்களே, ஒரு கேள்வி. உங்களை யாருமே பார்க்க முடியாது, பிறகும் யாருக்கும் தெரிய வராது என்றால், இப்போது செய்யாத எதையாவது செய்வீர்களா? "சேச்சே, மாட்டேன்" என்றுதான் நானும் போன வருடம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருட செமஸ்டர் விடுமுறையில், கனடாவில் இருக்கும் தாய்மாமா குடும்பத்தோடு அலாஸ்கா நெடுஞ்சாலையில் பயணம் போனேன். மாமாவிடம் ஓர் ஆர்வி இருக்கிறது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உள்ள நடமாடும் வீடு. அந்தச் சாலை கனடாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி, அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை சுமார் 2,200 கிலோமீட்டர் போகிறது. 1942-இல், இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க ராணுவத்தினர் சில மாதங்களிலேயே வெட்டிய பாதை அது. ஃபோர்ட் நெல்சன் ஊரைத் தாண்டினால் மலைதான். 1,295 மீட்டர் உயரத்தில் சம்மிட் லேக். அதற்கப்புறம் பச்சை மரகதம் மாதிரி மஞ்சோ ஏரி. உப்புக்காகச் சாலையோரத்தை நக்கிக்கொண்டு நிற்கும் காட்டு ஆடுகள். பல இடங்களில் போனில் லைன் கிடையாது.

ஆர்வியில் மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீருக்கு. ஒன்று பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்கு. மூன்றாவது கழிப்பறைக்கு. கழிவுத் தொட்டிகளை அதற்கென்று உள்ள இடத்தில் மட்டுமே திறந்துவிட வேண்டும். ஃபோர்ட் நெல்சனில் அந்த வேலையை மாமா என்னிடமும் மச்சானிடமும் கொடுத்தார். அங்கே வரிசை நீளம். "அப்புறம் பாத்துக்கலாம்டா" என்று கிளம்பிவிட்டோம்.

மறுநாள் ராத்திரி ஓர் ஆற்றோரத்தில் நிறுத்தியிருந்தோம். 11 மணிக்கும் வானம் முழுசாக இருட்டவில்லை. சாம்பார் சட்டி, ரசச் சட்டி எல்லாம் கழுவியதில் இரண்டாவது தொட்டி நிறைந்து சிவப்பு விளக்கு எரிந்தது. மாமாவும் அத்தையும் தூங்கிவிட்டார்கள். "வால்வைக் கொஞ்சம் திற. இங்க யாரு பாக்கப் போறா?" என்றான் மச்சான். சுற்றிலும் பார்த்தேன். ஒரு வண்டி இல்லை, ஒரு வீடு இல்லை.

திறந்தேன்.

காலையில் மாமாதான் முதலில் பார்த்தார். சரளைக் கல்லில் மஞ்சள் எண்ணெய்க் கறை, சோற்றுப் பருக்கைகள். அவர் திட்டவில்லை. சின்ன மண்வெட்டியை எடுத்து, ஈரமான மண்ணை வாரி ஒரு பைக்குள் போட ஆரம்பித்தார். "கரடி வரும்டா" என்று மட்டும் சொன்னார். சாப்பாட்டு வாசனைக்குப் பழகிய கரடி திரும்பத் திரும்பச் சாலையோரத்துக்கே வரும். மனிதர்களுக்கு ஆபத்து என்றால், கடைசியில் அதைச் சுட்டுக் கொல்லவும் நேரும். தப்பு என்னுடையது, தண்டனை அதற்கு. நானும் குனிந்து அள்ளினேன். முழுவதையும் அள்ள முடியவில்லை.

கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ ஒரு கதை சொல்கிறார். ஓர் இடையனுக்கு மாய மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். அப்படி ஒரு மோதிரம் கிடைத்தால் நல்லவன்கூட நல்லவனாகவே இருப்பானா என்பதுதான் கேள்வி. எனக்கு அந்த ஆளில்லாத மலைச்சாலையே மோதிரமாக இருந்தது.

சின்ன வயதில் சமய வகுப்பில் இதற்குப் பதில் சொல்லிக் கொடுத்தார்கள்: "சாமி பாத்துக்கிட்டே இருக்காரு." மாமா வண்டியின் டேஷ்போர்டில் பிள்ளையார்கூட இருந்தார். நான் நம்பாதவன் இல்லை. ஆனாலும் வால்வைத் திறந்தேனே! கடவுளை ஒரு சிசிடிவி மாதிரி நினைத்ததுதான் என் கோளாறு என்று இப்போது தோன்றுகிறது. கேமராவுக்குப் பயந்து நல்லவனாக இருப்பவன், கேமரா இல்லாத இடம் எது என்று தேட ஆரம்பித்துவிடுவான். எங்கள் லேப்பில் முதலில் சொல்லித் தருவது இதுதான்: சென்சார் வேறு, வால்வு வேறு. தொட்டி நிறைந்துவிட்டது என்று சென்சார் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. மூடுவதும் திறப்பதும் வால்வு. மனசாட்சி எனக்கும் சிவப்பு விளக்கு காட்டியது. கை என்னுடையது.

ஆகவே "யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இது எங்கே போய்ச் சேரும்?" என்று கேட்கப் பழகுகிறேன். 2019-இல் ஜொகூரில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், நூறுக்கு மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. அவர்களோடு என்னை ஒப்பிடுவது அதிகம் என்று நீங்கள் சொல்லலாம். அளவு வேறுதான். ஆனால், பார்க்க யாரும் இல்லை என்றதும் அது போய்ச் சேரும் இடத்தை நானும் மறந்துவிட்டேனே!

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் நாமெல்லாம் சேவை செய்கிறோம். பக்தர்கள் போன பிறகு, நடுராத்திரியில், அண்டா கழுவிய தண்ணீரையும் பொரித்த எண்ணெயையும் எங்கே ஊற்றுகிறோம்? அடுத்த வருடம் அந்த வேலையை எனக்குக் கொடுங்கள். வரிசை நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, நின்றுவிட்டு வருகிறேன்.