கைவிடலாமா?

சுமை தூக்குகிறவனிடம் சுமைக்கு உரியவன் சொல்லும் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: "பாத்து!" எதைப் பார்க்க வேண்டும், பொருளையா, தன் காலையா? சொன்னவன் அதை யோசித்திருக்கமாட்டான். கேட்டவனுக்கோ சந்தேகமே இல்லை; பொருளைத்தான்.

இந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கும் சங்கடம் எனக்கு உறைத்தது சிங்காநல்லூரில், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மோட்டார் சைக்கிளை ஈரோட்டுக்கு ஏற்றி அனுப்பிய அன்று. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. எடை 195 கிலோ. ஏற்றிச் செல்ல வந்தது டாட்டா ஏஸ். 2005-ல் விற்பனைக்கு வந்த அந்தச் சின்ன லாரிக்கு நம் ஜனங்கள் 'குட்டி யானை' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

பலகை இல்லை. பெரியவர் ஒருவர், இளைஞன் ஒருவன், டிரைவர் என மூன்று பேர் கையாலேயே தூக்கினார்கள். முன்சக்கரம் ஏறிவிட்டது. பின்பாரம் எழும்பும்போது இளைஞனின் பிடி நழுவியது. "விட்றாதீங்க! விட்றாதீங்க!" என்று அலறினான் பிள்ளை. பெரியவர் விடவில்லை. அடியில் முழங்காலைக் கொடுத்து, சூடு ஆறாத சைலன்சர் கெண்டைக்காலில் பட்டும் தாங்கி நின்றார். வண்டி ஏறியது. பிள்ளை பெட்ரோல் டாங்கைத் தடவிப் பார்த்தான். பெரியவர் காலைத் தடவிக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகலீங்க தம்பி. வண்டியில ஒரு கீறல் இல்லீங்க" என்றார்.

ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அவரே கொடுத்த அர்த்தம் அது!

பிள்ளையைக் கல்நெஞ்சன் என்று சொல்லமாட்டேன். இயந்திரத்தின் மேல் ஆசை வைப்பது இந்த ஊரின் குணம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கிய ஜி.டி. நாயுடுவின் ஊரல்லவா இது!

பெரியவர் செய்ததை விசுவாசம் என்று புகழ நமக்கு நாக்குத் துடிக்கும். அந்தப் புகழ்ச்சியில் எனக்குச் சம்மதமில்லை. மட்கார்டு நசுங்கினால் அன்றைய கூலி போகும். அடுத்த சில நாள் கூலியும் போகலாம். கால் நசுங்கினால் அது அவர் பாடு. இந்தக் கணக்கைத் தெரிந்தவர் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் விசுவாசத்தைவிடப் பயம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

நம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் உண்டு. கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக நட்டவை. நின்ற கல் இரண்டு, மேலே குறுக்குக்கல் ஒன்று; வழிப்போக்கன் யார் துணையும் இல்லாமல் தலைச்சுமையை அதில் இறக்கலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். சுமக்கிறவனுக்கு இறக்கவும் இடம் வேண்டும் என்று துக்கத்திலிருந்த குடும்பங்களுக்குத் தோன்றியிருக்கிறது. 1967-ல் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் ஓர் ஆண் தொழிலாளி கையால் சுமப்பது 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பரிந்துரைத்தது. 195-ஐ மூன்றால் வகுத்தால் 65. பிடி நழுவாமல் என்ன செய்யும்?

ஆகவே என் கட்சி இது: வண்டி தரையைவிட்டு எழும்புமுன், "சாய்ந்தால் விட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள், நஷ்டம் என்னுடையது" என்று உரியவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூலிக்காரனாக அந்த உரிமையை எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். "விடலாம் என்று சொன்னால் எவன் இறுக்கிப் பிடிப்பான்?" என்றார். எனக்கென்னவோ நேர்மாறாகத் தோன்றுகிறது. விடக்கூடாது என்று நினைப்பவன்தான் பாரத்துக்கு அடியில் போய் நிற்கிறான். விலகலாம் என்று தெரிந்தவன் பக்கவாட்டில், கால் நகர இடம் வைத்து நிற்பான். அதுதான் நல்ல பிடியும்கூட. தவிர, அப்படி வாக்குக் கொடுத்த உரியவனுக்குத் தன் வண்டியைக் காப்பாற்ற வேறு வழி தேடவேண்டிய அவசியம் வந்துவிடுகிறது. எட்டடிப் பலகை தேடுவான். இரண்டரை அடி உயரத்துக்கு அதைச் சாய்த்தால் 195 கிலோவைத் தூக்க வேண்டாம். சுமார் 61 கிலோ விசையில் தள்ளினால் போதும். பலகையின் மேல்முனையைக் கயிற்றால் லாரியோடு கட்டாவிட்டால், சக்கரம் ஏறும்போது அது பின்னால் உதைத்துக்கொண்டு விழும். லாரியை ஒரு மேட்டோரம் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினால் ஏற்றம் இன்னும் குறையும். வண்டிக்கு நேர் பின்னால் மட்டும் ஒருவரும் நிற்கக்கூடாது.

நண்பருக்குத் திருப்தி இல்லை. அவரும் அடுத்த மாதம் வீடு மாற்றுகிறார். அவரிடமும் ஒரு புல்லட் இருக்கிறது. பலகையும் கயிறும் நான் கொண்டுவருகிறேன், அந்த வார்த்தையை மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள் என்றிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.