பேழையில் உறங்கும் பதக்கம்



முதல் உலகப்போரில் கடல் கடந்து பொருத இந்திய வீரர்க்கு வெள்ளிப் பதக்கம் வழங்கப்பட்டது. வீரரின் எண்ணும் பெயரும் அதன் விளிம்பில் பொறிக்கப்பட்டன. பாட்டனார் கையெழுத்திட்ட கடிதங்களோடு அத்தகைய பதக்கம் இன்றும் சில இல்லங்களில் பேழையில் உறைகின்றது. நிலத்தை அமைதியாகப் பிரித்துக்கொண்ட உடன்பிறந்தார், அச்சிறு வட்டத்திற்காகப் பேச்சற்றுப் போவதும் உண்டு.

ஜினசேனரின் ஆதிபுராணம் உரைப்பதை எண்ணுக. உலகை வென்ற பரத சக்கரவர்த்தி, விருஷபாசலத்தில் தம் பெயரைப் பொறிக்கச் சென்றார். முன்னைய சக்கரவர்த்திகளின் பெயர்களால் மலை நிறைந்திருந்தது. ஒருவர் பெயரை அழித்தே தம் பெயரை எழுத நேர்ந்தது. செருக்கு அங்கே அடங்கிற்று.

அவ்வாறாயின் முன்னோர் நினைவை எறிந்துவிடலாமா? கூடாது. பொருள்மீது கொள்ளும் மயக்கமே பரிக்கிரகம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் தெளிவு. போற்றுதல் குற்றமன்று, “எனக்கே” என்பதே குற்றம்.

உசிலம்பட்டி வட்டத்து விக்கிரமங்கலம் உண்டாங்கல் மலையில், ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட கற்படுக்கைகள் உள்ளன. அவற்றில் தமிழி எழுத்தில் நிற்பவை, துறவியர்க்குப் படுக்கை ஈந்தோர் பெயர்கள். ஈத்தது நின்றது, பூட்டி வைத்தது எங்கே?

ஆதலின் பேழையைத் திறவுங்கள். பாட்டனார் வரலாற்றை எழுதிப் பிள்ளைகள் அனைவர்க்கும் படி கொடுங்கள். பதக்கம் ஒருவரிடம் இருக்கட்டும். இல்லையேல் அருங்காட்சியகம் சேரட்டும். அப்போரில் இருபுறமும் மாண்ட உயிர்களையும் நினைந்து, உடன்பிறந்தாரிடம் பொறை வேண்டுங்கள்.

அறம் வளர்க!