போகிறவனுக்குக் கூட்டும் கூலி

வேலையினின்று விலகுவதாகக் கடிதம் கொடுத்தவனை முதலாளி அழைத்து, "சம்பளம் கூட்டித் தருகிறேன், இருந்துவிடு" என்றால், அவன் இருந்துவிடுவது நெறியாகுமா? சென்ற ஞாயிறு கூட்டம் முடிந்தபின் ஓர் இளைஞர் என்னை இவ்வாறு வினவினார். "ஆசையை விடு தம்பி" என்று சொல்லி அனுப்பிவிடலாம். மூன்று பிள்ளைகளின் தந்தையிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சகோதரர்களே, கூலி உயர்வை விரும்புவது பேராசையன்று. சிகாலோவாத சூத்திரத்தில் பகவன் புத்தர் எஜமானர்க்கு வகுத்த ஐந்து கடமைகளுள், உணவும் கூலியும் அளித்தல் ஒன்று. அன்றியும், 1972ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டு, பணிக்கொடை என்பது கடைசியாகப் பெற்ற சம்பளத்தைக் கொண்டே, ஆண்டொன்றுக்கு 15 நாட்கூலி வீதம் கணக்கிடப்படுகிறது. ஆகவே பத்தாண்டு உழைத்தவனுக்கு இன்று கூடும் சம்பளம் கழிந்த ஆண்டுகளுக்கும் சேர்த்தே பயன் தரும். புதிய இடத்திலோ கணக்கு முதலாண்டிலிருந்து தொடங்கும். இதனை எண்ணித் தயங்குபவனை நான் குறை கூறேன். கூலிக்காக மட்டும் விலகி, வேறெவர்க்கும் வாக்களியாதவன் இருந்துவிடுவதில் குற்றமில்லை. விலகும் எண்ணமே இன்றி, கூலியை உயர்த்துவதற்கென்றே கடிதம் கொடுப்பதோ பொய்யுரைத்தலேயாம்.

என் கதை வேறு. 1997இல் பெங்களூரில் ஒரு பஞ்சாலையின் கார்டிங் பகுதியில் இருந்தேன். ஞாயிறு ஓய்ந்து திங்களன்று உள்ளே நுழைந்ததும் பஞ்சுத் தூசியால் மார்பு இறுகும். வேறோர் ஆலையில் வைண்டிங் பகுதியில் இடம் கேட்டு, ஒன்றாந்தேதி வருவதாக வாக்கும் கொடுத்தேன். கடிதத்தைக் கண்ட மேலாளர் சம்பளத்தைக் கூட்டினார், இருந்துவிட்டேன். இத்தனை ஆண்டு இல்லாத பணம் ஒரே மாலையில் எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் தோன்றவில்லை. சம்பளம் கூடிற்று, தூசி குறையவில்லை. திங்கட்கிழமைகள் முன்போலவே வந்தன.

அதனினும் என்னை வருத்தியது மற்றொன்று. எனக்கென இடத்தை வைத்திருந்த மேஸ்திரி, வேலை தேடி வந்த ஒருவரை "ஆள் கிடைத்தாயிற்று" என்று திருப்பி அனுப்பியிருந்தார். பின்னொரு நாள் தேநீர்க் கடையில் அம்மேஸ்திரியே அவரை எனக்குக் காட்டினார். மூன்று மாதம் வேலையின்றி இருந்தாராம். அவர் என்னை அறியார். அவருடைய தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வெளியேறினேன். வேறொன்றும் செய்யத் துணியவில்லை.

"எதற்காகக் கடிதம் கொடுத்தீர்?" என்று அவ்விளைஞரைக் கேட்டேன். "கூலிக்காகத்தான் ஐயா" என்றார். "வேறிடத்தில் வாக்குக் கொடுத்தீரோ?" சிறிது நேரம் பேசாதிருந்தார். "பதினைந்தாந்தேதி வருவதாகச் சொல்லியிருக்கிறேன்."

"அப்படியானால் இன்றே அங்கே சென்று, உமக்காக எவரையேனும் திருப்பி அனுப்பினார்களா என்று விசாரித்து வாரும். பிறகு பேசுவோம்" என்றேன். அவர் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.