பின்னமுற்ற திருமேனியும் பேணுவார் கடமையும்

எங்கும் நிறைந்த பரம்பொருள் அடியார்கள் பொருட்டுக் கல்லிலும் செம்பிலும் திருமேனி கொண்டு எழுந்தருளுகின்றது. இறைவனுக்கு அழிவில்லை. அவன் எழுந்தருளியிருக்கும் கல்லுக்கும் உலோகத்துக்கும் தேய்வு உண்டு. இதனை நன்கறிந்தே ஆகமங்கள் ஆலயம் அமைக்கும் விதியோடு, பழுதுற்றதைச் சீர்செய்யும் ஜீர்ணோத்தாரண விதியையும் வகுத்துள்ளன. திருப்பணிக்கு முன் மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றிப் பாலஸ்தாபனம் செய்வதும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அஷ்டபந்தன மருந்தைப் புதுப்பிப்பதும் இதன்பாற்பட்டவையே. தலை, கை, கால் போன்ற பிரதான அங்கம் பின்னமுற்றால் வேறு திருமேனி அமைக்க வேண்டும். ஆபரணம் முதலியவற்றில் நேரும் சிறு பழுதைச் சீர்செய்து மீண்டும் வழிபடலாம் என்பது மரபு. சிறு பழுதுக்காகத் திருமேனியைத் தள்ளிவிடுதல் தர்மமன்று.

நமது புத்தளம் மாவட்டத்தின் முன்னேஸ்வரம் 1578இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1753இல் அதனை மீளக் கட்டுவித்தான். திருக்கோணேஸ்வரமும் பதினேழாம் நூற்றாண்டில் தகர்க்கப்பட்டு, அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. ஆயினும் 1950இல் திருகோணமலையில் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள் ஆகிய திருவுருவங்கள் வெளிப்பட்டன. ஆபத்துக் காலத்தில் அடியார்கள் அவற்றை மண்ணுள் மறைத்துக் காத்தனர் என்று கொள்ளப்படுகின்றது. மறைத்தவர் பெயரை எவரும் அறியார்; அவர்கள் காத்த மூர்த்தங்களை இன்று உலகம் வணங்குகின்றது.

இன்று படையெடுத்து வருவோர் இல்லை. ஆனால் கற்பிட்டியில் வேறொரு பகை உண்டு. அது கடற்காற்றில் வரும் உப்பு. மீனைக் கருவாடாக்கிக் காக்கும் அதே உப்பு, செம்பும் வெண்கலமும் கலந்த திருமேனியை அரித்துவிடுகின்றது. உப்பிலுள்ள குளோரைட்டு, ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து செம்பைத் தின்னும். வெளிர்பச்சைப் பொடி பூக்கும். துடைத்தாலும் சில நாளில் மீண்டும் தோன்றும். இதனை வெண்கல நோய் என்பர். நெடுங்காலத்தில் படிந்து, கரும்பச்சையாக, வழவழப்பாக இருக்கும் படலம் வேறு. அது உலோகத்துக்குக் கவசம் போன்றது. இந்த வேறுபாடு தெரியாமல் அமிலம் கொண்டும் செங்கற்பொடி கொண்டும் தேய்ப்பதால் கவசமும் போகின்றது, சிற்பியின் நுண்ணிய வேலைப்பாடும் தேய்ந்து போகின்றது. சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கப்பட்ட இரசாயனக்கூடத்தில் பரமசிவன் என்னும் விஞ்ஞானி, மின்சாரத்தின் துணையால் இத்தகைய வெண்கலங்களைச் சீர்செய்தார். நோய்க்கு வைத்தியர் தேவைப்படுவது போல, திருமேனிக்கும் அறிந்தவர் கை தேவை.

அடியார்கள் செய்யக்கூடியவை எளியவையே. அபிஷேகம் முடிந்ததும் உவர்ப்பில்லாத நன்னீரால் கழுவி, மென்மையான பருத்தித் துணியால் ஈரம் ஒற்றி எடுத்தல் வேண்டும். பச்சைப் பொடி கண்டால் சுரண்டாமல், சிவாச்சாரியாரிடமும் ஸ்தபதியிடமும் தொல்பொருள் திணைக்களத்தாரிடமும் ஆலோசனை கேட்டல் வேண்டும். பழைய திருவுருவங்கள் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, உயரத்தையும் அடையாளங்களையும் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.

படம் எதற்கு என்று கேட்போருக்கு ஸ்ரீபுரந்தான் நடராஜர் விடையளிப்பார். தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்துக் கோயிலொன்றில் களவுபோன அச்சோழர் காலத் திருமேனியை 2008இல் அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் பெரும் விலைக்கு வாங்கியது. அது எவ்வூர் மூர்த்தி என்பதற்குப் பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படம் சாட்சியாயிற்று. 2014இல் பெருமான் பாரதம் திரும்பினார்.

கும்பாபிஷேகம் நெருங்கும்போது எல்லாம் புதிதாக வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. அவ்வேளையில் பழைய திருமேனியைக் கடலில் விடவோ, பழம் உலோகமாக விற்கவோ துணியுமுன் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். அத்திருமுகத்தின் முன்னேதான் நம் பாட்டன் பாட்டியர் கண்ணீர் மல்கி நின்றார்கள். கடலுக்குப் போனவர் கரை திரும்ப வேண்டுமென்று நேர்ந்தார்கள். புதியது கட்டுவோர் பெயர் கல்வெட்டில் நிற்கும். பழையதைப் பேணுவோர் பெயர் எங்கும் பொறிக்கப்படாது. அத்தொண்டை இறைவன் ஒருவனே அறிவான். அதுவே மெய்யான திருப்பணி.

அத்தொண்டு இவ்வூரில் என்றும் சிறக்க எம்பெருமான் திருவருள் துணை நிற்பதாக.