தொடக்க உதையும் விதியின் நோக்கமும்

கால்பந்து ஆட்டவிதிகளுள் எட்டாவது, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் முதல் உதைக்கு, அதாவது தொடக்க உதைக்கு, தெளிவான நிபந்தனைகளை வகுத்திருக்கிறது. பந்து நடுப்புள்ளியில் அசையாமல் இருக்க வேண்டும். உதைப்பவர் தவிர மற்ற அனைவரும் தத்தம் பாதியில் நிற்க வேண்டும். எதிரணியினர் பந்திலிருந்து குறைந்தது 9.15 மீட்டர் விலகியிருக்க வேண்டும். நடுவர் சைகை காட்டிய பின்னரே பந்தை உதைக்க வேண்டும். ஆயினும், பந்து நகரும் முன்னரே ஓரத்து முன்கள ஆட்டக்காரர் நடுக்கோட்டை ஓரிரு அடி தாண்டி ஓடத் தொடங்குவதும், அதைக் கண்ட நடுவர் ஆட்டத்தை நிறுத்தாமல் விடுவதும் பெரிய போட்டிகளிலும் காணப்படும் வழக்கமாகும். விதியைக் காக்க அமர்த்தப்பட்டவர் விதிமீறலைக் கண்டும் வாளாவிருப்பது கடமை தவறுதலா, அல்லது கடமையின் ஒரு கூறா என்னும் அறவியல் வினா இங்கு எழுகிறது.

கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் தம் ‘நிகோமாக்கிய அறவியல்’ நூலின் ஐந்தாம் பகுதியில் இவ்வினாவின் வேரைத் தொடுகிறார். சட்டம் பொதுப்படவே பேச இயலும் ஆதலால், தனித்தனி நிகழ்வுகளில் அது பிழைபடக்கூடும் என்றும், அவ்விடங்களில் சட்டம் இயற்றியவரே முன்னிருந்தால் என்ன கூறியிருப்பாரோ அதைக் கொண்டு சட்டத்தைத் திருத்துவதே எபியெய்க்கையா, அதாவது நேர்மைநெறி என்றும் அவர் விளக்குகிறார். கல்லின் வடிவுக்கேற்ப வளைந்துகொடுக்கும் லெஸ்போஸ் தீவின் ஈய அளவுகோலை அவர் இதற்கு உவமையாக்குகிறார்.

இந்நெறிப்படி பார்த்தால், நடுவர் அளக்க வேண்டியது தாண்டிய அடிகளை அன்று, தாண்டியதால் கிட்டிய பயனை. உதைக்கும் அணி இடையூறின்றி ஆட்டத்தைத் தொடங்குவதற்காகவே இடைவெளி வகுக்கப்பட்டது. பந்து பின்னால் நிற்கும் தோழருக்குத் தட்டிவிடப்படும்போது ஓரத்தில் ஒருவர் அரையடி முந்தியதால் அந்நோக்கம் கெடுவதில்லை. விதியும் இத்தகைய மீறலுக்கு உதையைத் திரும்ப எடுக்கச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. உதைத்தவரே, பிறர் தொடுமுன் பந்தை மீண்டும் தொட்டால் மட்டுமே எதிரணிக்கு மறைமுகத் தனி உதை, அதாவது நேரே கோலாக்க முடியாத உதை, வழங்குகிறது. குற்றங்களின் எடை வேறுபடுவதை விதி தானே ஒப்புக்கொள்கிறது என்பது இதனால் விளங்கும்.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. ஆங்கிலச் சட்ட மெய்யியலாளர் எச். எல். ஏ. ஹார்ட், 1961இல் வெளிவந்த தம் ‘சட்டம் என்னும் கருத்து’ நூலில், புள்ளி கணிப்பவர் சொல்வதே புள்ளி என்றாகிவிட்டால் அது பழைய ஆட்டமாக இராது, கணிப்பவரின் விருப்பமே விதியான வேறோர் ஆட்டமாகிவிடும் என்று காட்டுகிறார். நடுவரின் மௌனமும் அளவு மீறினால் அந்நிலைக்கே இட்டுச்செல்லும்; இன்று ஓரடி பொறுக்கப்பட்டால் நாளை ஈரடி எடுக்கப்படும், ஓர் அணிக்குக் கிட்டிய பொறுமை மற்ற அணிக்குக் கிட்டாமலும் போகலாம்.

பொறுமையைக் கைவிடாமலே இம்மறுப்புக்கு விடை காண முடியும் என்பதை விதிகளின் அண்மை வரலாறு உணர்த்துகிறது. தொடக்க உதையைப் பின்னோக்கியும் அடிக்கலாம் என 2016இல் விதி மாறியபோது, அவ்வாறு அடிப்பவர் எதிரணிப் பாதியில் நிற்க நேர்ந்ததால், 2017இல் அவருக்கு விலக்களித்து விதி திருத்தப்பட்டது. பெனால்டி உதையின்போது பிற ஆட்டக்காரர்கள் முந்தி நுழைவது, உதையின் விளைவைப் பாதித்தால் மட்டுமே தண்டிக்கத்தக்கது என 2024இல் ஏட்டிலேயே எழுதப்பட்டது. அங்கு நடுவரின் பொறுமை அனைவரும் அறிந்த அளவுகோலாயிற்று. தொடக்க உதைக்கோ அத்தகைய வாசகம் இல்லை. பயன் விளைக்காத மீறலைப் பொறுப்பது நடுவரின் கடமையே. ஆனால் அப்பொறுமையின் எல்லையை விதியே சொல்லும்போதுதான் அது முழுமையான நீதியாகும்.