எலும்பின் வலமும் இடமும்

உடலிலிருந்து பிரிந்த மேற்கை எலும்பு ஒன்றை உடற்கூற்றியல் மாணவர் முன் வைத்தால், அது எந்த எலும்பு என்ற கேள்வியை அடுத்து வருவது, அது வலக்கைக்கு உரியதா இடக்கைக்கு உரியதா என்பதாகும். முதற்கேள்விக்கான விடை எலும்பின் வடிவிலேயே இருக்கிறது. இரண்டாவதற்கான விடையும் அங்கேயே இருப்பதாகத்தான் தோன்றும், ஆயினும் அத்தோற்றத்தை ஐயுற்று எழுந்த மெய்யியல் விவாதம் இரண்டரை நூற்றாண்டுகளைக் கடந்தும் ஓயவில்லை.

அடையாளம் காணும் முறை எளியது. மேற்கை எலும்பின் மேல்முனையில், தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தும் அரைக்கோளத் தலை உண்டு. அது உடலின் நடுக்கோட்டை, அதாவது அகப்பக்கத்தை, நோக்கியிருக்கும். கீழ்முனையின் பின்புறத்தில் உள்ள ஆழ்ந்த பள்ளத்தில், கையை நீட்டும்போது, அரந்தி எலும்பின் கொக்கி போன்ற முழங்கை முனை வந்து அமரும். தலை மேலும் பள்ளம் தம் பக்கமுமாக எலும்பைப் பிடிக்கும் மாணவர், தலை தமக்கு இடப்புறம் திரும்பியிருந்தால் அது வலக்கை எலும்பு என்று தீர்மானிப்பார். ஆரை எலும்பில் கீழ்முனையின் புறப்பக்கக் கூர்முனைப்பும், தோள்பட்டை எலும்பில் பின்புறம் ஓடும் முகடும் இவ்வாறே உதவுகின்றன. காறை எலும்பு மட்டும் தொல்லை தரும்: அதன் தட்டையான முனை தோளையும் தடித்த முனை மார்பெலும்பையும் சேரும் என்பது தெரிந்தபின்னும், மேல்கீழ் பிடிபடாமல் தடுமாறுவோர் பலர்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பாடநூல் மேற்கை எலும்பை ஒரே ஒரு முறைதான் விவரிக்கிறது. தலை அகப்பக்கம், பள்ளம் பின்புறம் என்னும் அவ்விவரணை வல எலும்புக்கும் இட எலும்புக்கும் சொல் மாறாமல் பொருந்துகிறது. வலக்கைப் பழக்கமுள்ளோரின் வல எலும்பு சற்றுத் தடித்திருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அத்தடிப்பு இல்லாவிடினும் அது வல எலும்புதான். பகுதிகளுக்கிடையே உள்ள தொலைவும் கோணமும் முற்றும் ஒத்திருந்தும், ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பொருத்த இயலாது.

ஜெர்மானிய மெய்யியலார் இம்மானுவேல் காண்ட் 1768இல் எழுதிய சிறு கட்டுரையில் பற்றிக்கொண்டது இதனையே. வெளி என்பது பொருள்களுக்கு இடையிலான உறவுகளின் தொகுப்பன்றி வேறில்லை என்று அவருக்கு முந்தைய மெய்யியலார் லைப்னிட்ஸ் கொண்டிருந்தார். அவ்வாறாயின், படைப்பில் முதலில் தோன்றியது ஒரு தனிக் கை என்று வைத்துக்கொண்டால், உள்ளுறவுகள் வலக்கை, இடக்கை இரண்டிலும் ஒன்றே ஆதலால், அது வலதுமன்று இடதுமன்று என்றாகிவிடும். ஆனால் அது ஏதேனும் ஒன்றாக இருந்தே தீரவேண்டும், எனவே வெளி பொருள்களைச் சாராமல் தானே உள்ளது என்பது காண்டின் வாதம். பின்னர் 1783இல் வெளியிட்ட நூலில் இதே கையைக் கொண்டே, வெளி என்பது பொருள்களின் இயல்பன்று, மனிதப் புலனறிவின் வடிவம் என்னும் வேறொரு முடிவுக்கு அவர் வந்தார். ஒரே சான்று இரு முடிவுகளுக்கு உழைத்தது சற்று ஐயத்தை எழுப்பவே செய்கிறது.

அந்தத் தனிக் கை ஏதேனும் ஒரு பக்கத்தது ஆகவேண்டும் என்பதே வாதத்தின் நலிந்த இடம். ஒப்பிட மற்றொன்று இல்லாதபோது அக்கேள்விக்குப் பொருளே இல்லை என்று லைப்னிட்ஸின் வழிவந்த உறவுவாதிகள் மறுக்கலாம். தவிர, காகிதத்தில் வெட்டிய ‘க’ எழுத்தையும் அதன் கண்ணாடிப் படிமத்தையும் மேசைமீது எவ்வளவு நகர்த்தினாலும் ஒன்றாக்க முடியாது, ஒன்றைத் தூக்கிப் புரட்டினால் முடியும். அதுபோல நான்காம் பரிமாணம் ஒன்று இருந்தால் வல எலும்பு இட எலும்பாகிவிடும் என்பதை மோபியஸ் என்னும் கணிதவியலார் 1827இலேயே குறித்தார்.

காண்டின் முடிவு இவ்வாறு தளர்ந்தாலும் அவர் கண்ட இடர் தளரவில்லை: வலம் என்பதைச் சொல்லால் மட்டும் விளக்க வழியில்லை, சுட்டியே காட்டவேண்டும். தமிழில் குழந்தைக்கு வலக்கையைச் சோற்றுக்கை என்று கற்பிப்பதும் விளக்கமன்று, சுட்டலே. மாணவர் எலும்பைத் தம் உடலோடு ஒப்பிட்டுத் தீர்மானிப்பதும் அதுவே. 1957இல் வெளியான கோபால்ட் 60 அணுக்கருச் சோதனை, சுழலும் கருக்கள் எலக்ட்ரான்களை இரு திசையிலும் சமமாக உமிழ்வதில்லை என்று காட்டி, இயற்கையே வல இடங்களை வேறுபடுத்துவதை நிறுவியது. இதனால் மனித உடலைச் சுட்டாமல் வலத்தை விளக்க முடிகிறது, ஆனால் அங்கும் கைக்குப் பதிலாக ஓர் அணுக்கரு சுட்டப்படுகிறது.