‘கொஞ்ச நேரம் பார்க்கலாம்’ என்கிறவரை எதிர்த்து எழு!

வாய் ஒரு பக்கம் கோணுகிறது. கையிலிருந்த டம்ளர் நழுவுகிறது. பேச்சு குழறுகிறது. அரை நிமிடத்தில் வீடு நிறையக் கூட்டம். ஒருவர் சோடா வாங்க ஓடுகிறார். ஒருவர் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்க்கிறார். ‘காத்து கருப்பு பட்டிருக்கும்’ என்கிறது ஒரு குரல். கடைசியில் வீட்டுப் பெரியவர் தீர்ப்புச் சொல்கிறார்: “கொஞ்ச நேரம் படுக்கட்டும், பார்க்கலாம்.”

அந்தத் தீர்ப்பை மறுத்துப் பேச அங்கே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருங்கள்! பள்ளியில் படிக்கிற பெண்ணாக இருந்தாலும் சரி, நேற்று வந்த மருமகளாக இருந்தாலும் சரி, “பார்க்க முடியாது, இப்பவே கிளம்பணும்” என்று குரலை உயர்த்துங்கள். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று கூசாதீர்கள். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. பெரியவர் மனம் கோணக்கூடாதே என்று நீங்கள் பத்து நிமிடம் வாய் மூடி நின்றால், அதற்கு விலை ஏறத்தாழ இரண்டு கோடி அணுக்கள்.

இது பக்கவாதம் என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். சிரிக்கச் சொல்லுங்கள்; வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று தானாகக் கீழே இறங்குகிறதா? பேரைச் சொல்லச் சொல்லுங்கள், நாக்கு புரள்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். “பக்கவாதம் மாதிரி இருக்கு, ஸ்கேனும் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியும் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தவருக்கு வழி திறக்கும்.

அந்த ஊசி பலன் தருகிறது என்று அமெரிக்காவில் 1995-ல் நிரூபித்தார்கள். அப்போது கெடு மூன்று மணி நேரம். 2008-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. பெரிய குழாய் அடைப்பாக இருந்தால் தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியையே வெளியே இழுக்கிறார்கள். தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட. இப்போது நம் ஊர் வரைபடத்தைப் பாருங்கள். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1965-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. வடக்கே போனால் கிழக்குக் கடற்கரைச் சாலை நேரே சென்னையில் கொண்டு விடுகிறது. பக்கத்திலிருக்கிற கொக்கிலமேட்டுக்கும் தேவனேரிக்கும் நாலரை மணி நேரம் தாராளம். அதில் மூன்று மணி நேரத்தைத் திண்ணையில் உட்கார்ந்து தின்றது யார்? நாம்தான்!

வண்டி வரும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி போயிருக்கும். தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மாரடைப்புக்குத் தருவார்களே என்று ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் எந்த மேதையாலும் சொல்ல முடியாது. புறா ரத்தம் தேய்க்கிறவரிடம் கூட்டிப்போவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, கோபம் வருகிறது. ஒன்று மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

பத்து நிமிடத்தில் கை சரியாகி, “ஒண்ணும் இல்லப்பா” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாரா? அப்போதும் கிளம்புங்கள். அடுத்த சில நாட்களில் பெரிய அடி விழக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை அது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணி செய்யும் தங்கைகளே, தம்பிகளே, உங்களிடமும் உரிமையோடு சொல்கிறேன். கோணிய வாயோடு வருகிறவரைச் சீட்டு வரிசையில் நிறுத்தாதீர்கள். சர்க்கரை குறைந்தாலும் இதே கோலம்தான் தெரியும். விரலில் குத்தி உடனே பாருங்கள். பிரஷர் ஏறியிருக்கிறதே என்று பதறி நாக்கின் அடியில் மாத்திரை வைத்துச் சடாரென்று இறக்கிவிடாதீர்கள். மூளைக்குப் போகும் மிச்ச ரத்தமும் குறைந்துபோகும். பெரிய மருத்துவமனைக்குப் போனைப் போட்டு “வருகிறார்” என்று சொல்லுங்கள். நீங்கள் மிச்சப்படுத்தும் இருபது நிமிடத்தில் ஒரு மீனவரின் வலது கை பிழைக்கும். உங்கள் வேலை சின்னது என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்!

சரி, நேரம் தவறிப்போனது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இப்போது ‘இனி அவ்வளவுதான்’ என்ற பேச்சு வீட்டுக்குள் நுழையும். அதை வாசலோடு விரட்டுங்கள்.

லூயி பாஸ்டருக்கு 1868-ல், 45 வயதில், இடது பக்கம் விழுந்தது. காலை இழுத்து இழுத்து நடந்த அந்த மனிதர்தான் 17 ஆண்டு கழித்து, 1885-ல், வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி போட்டுக் காட்டினார். நம் குன்னூரில் அவர் பெயரில் ஒரு நிறுவனமே நிற்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் கையிலெடுத்தது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. நல்ல கையைக் கண்ணாடி முன் அசைத்தால், விழுந்த கையே அசைவதுபோல மூளைக்குத் தெரியும். கை இழந்தவர்களின் வலிக்காகக் கண்ட அந்த வழியை, 1999-ல் அவரும் சக ஆய்வாளர்களும் பக்கவாதக் கைக்கும் பயன்படுத்திப் பார்த்து எழுதினார்கள். இன்று பிசியோதெரபி அறைகளில் அந்தக் கண்ணாடி இருக்கிறது. மூளை புது வழி தேடிக்கொள்ளும். ஆனால் தினமும் நூற்றுக்கணக்கான தடவை கேட்டால்தான் கொடுக்கும். மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்கள் பாதி செதுக்கியபடியே நிற்கின்றன. பல்லவனுக்கு என்ன காரணமோ! பதினைந்து நாள் பயிற்சியோடு உங்கள் கையைப் பாதியில் விட உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

பார்த்துக்கொள்ளும் அக்காவே, விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், தோள் கழன்றுவிடும். அவர் பேசவில்லை என்றால் புரியவில்லை என்று பொருளில்லை; அவர் காதுபடப் பாரம் என்று பேச யாரையும் விடாதீர்கள். ஒரு வேளையாவது வேறொருவரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் தூங்குங்கள். அது சுயநலமில்லை.

இன்னும் எதுவும் வராதவர்களுக்கு, ‘தலையெழுத்து’ என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு, ஒரு செய்தி. 32 நாடுகளில் நடந்து 2016-ல் வெளிவந்த ஆய்வு, பக்கவாதத்தில் பத்தில் ஒன்பது பங்கு நம்மால் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களோடு சேர்ந்தே வருகிறது என்று காட்டியது. முதல் குற்றவாளி ரத்தக் கொதிப்பு. அது வலிக்காது, அதனால்தான் ஏமாற்றுகிறது. கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காத நம் கரையில் அதற்குக் கொண்டாட்டம். 2021 ஆகஸ்டிலிருந்து அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பெண்கள் பிரஷர் கருவியோடு தெருத்தெருவாக வருகிறார்கள். “நல்லாத்தான் இருக்கேன்” என்று அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். சட்டைக் கையை மடித்து நீட்டுங்கள். அப்படியே உள்ளே பார்த்து, நல்லாகிவிட்டது என்று போன மாதம் மாத்திரையை நிறுத்திய அண்ணனையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.